நீலப் போத்தலும் நம்முடைய கிணற்றுத் தண்ணீரும்

போன கிழமை ஒரு தங்கச்சி ஹார்பிக் பற்றிக் கேட்டதற்கு இரண்டு வரி சொல்லப்போய், இப்போது மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் ஒரு கட்டுக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பல வருடம் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், பினைல் ஊற்றி எவ்வளவு தேய்த்தாலும் கக்கூஸ் கோப்பையில் அந்த மஞ்சள் வளையம் போகுதே இல்லை. டீவியில் ஹார்பிக் ஊற்றினதும் வெள்ளையாகுது. அது மெய்யா? (கல்லடி)

மெய்தான் தங்கச்சி. நம் கரையோரக் கிணறுகளில் பல இடங்களில் தண்ணீர் வன்மையானது. சிப்பியும் சங்கும் கலந்த மணலுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கோப்பையில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் அது மெல்ல மெல்லப் படிந்து இறுகுகிறது. ஒரு பழைய தும்புத்தடியின் நுனியால் சுரண்டிப் பாருங்கள், முட்டை ஓடு உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதன்மேல்தான் மஞ்சளும் கறுப்பும் பிடிக்கிறது. பினைல் கிருமிக்கும் நாற்றத்துக்கும் நல்லது, சுண்ணாம்பைக் கரைக்காது. நீல ஹார்பிக்கில் ஏறத்தாழ 10 சதவீதம் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் பட்டதும் சுண்ணாம்பு சின்னக் குமிழ்களாகப் பொங்கிக் கரையும்.

நானும் அதைத்தான் பாவிக்கிறேன். விளம்பரத்தில் மாதிரி வரவில்லையே? (களுவாஞ்சிக்குடி)

ஊற்றின கையோடு தேய்த்துக் கழுவிவிடுகிறீர்கள் போல. அமிலத்துக்கு நேரம் வேண்டும். முதலில் கோப்பையில் நிற்கிற தண்ணீரைப் பிரஷ்ஷால் உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து தண்ணீரில் கரைந்து வலு இழந்துவிடும். கொமட் என்றால் போத்தலின் வளைந்த கழுத்தை விளிம்புக்குக் கீழே பிடித்துச் சுற்றிவர விடுங்கள். கழுத்தை வளைத்திருப்பதே அதற்காகத்தான். குழம்பு மாதிரித் தடிப்பாக இருப்பதும் சரிவில் ஒட்டி நிற்கத்தான். 20 நிமிடம் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். அப்புறம் தேய்த்தால் கை நோகாது. விளம்பரத்தில் சொல்கிற 99.9 சதவீதக் கிருமியைக் கொல்லும் என்ற கணக்கும் அப்படித்தான், மருந்து ஈரமாக அங்கே தங்கினால்தான் கிருமி சாகும். பல வருடக் கறை என்றால் ஒரே நாளில் முழுவதும் போகாது, இரண்டு மூன்று தடவை வேண்டும்.

ஹார்பிக் விளம்பரத்தில் கதவைத் தட்டி வந்து கக்கூஸ் கழுவிக் காட்டுவாரே நடிகர் அப்பாஸ், அவர் இப்போது எங்கே? (வாழைச்சேனை)

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போனார், இப்போது எங்கே என்று எனக்குச் சரியாகத் தெரியாது. காதல் படங்களில் பார்த்த ஒரு அழகன் கையில் பிரஷ்ஷோடு நின்றதை நிறையப் பேர் பகிடி பண்ணினார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதைதான். சோறு தின்கிற நேரத்தில் யாரும் வாய் திறந்து கதைக்காத ஒரு விஷயத்தை வீட்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். கக்கூஸ் கழுவுவது ஆம்பிளைக்கும் உரிய வேலை என்று எத்தனை வீட்டில் அந்த டீவிப் பெட்டி காட்டித்தந்தது! ஹார்பிக் என்ற பெயர் மட்டும் அந்த விளம்பரத்தைவிடப் பழையது. 1920களில் இங்கிலாந்தில் வந்தது, ஹாரி பிக்கப் என்ற மனிதரின் பெயரைச் சுருக்கினால் ஹார்பிக்.

கிணற்றுக்குப் போட்ட பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருக்கு. அதையும் ஹார்பிக்கையும் சேர்த்துப் போட்டால் இன்னும் வெள்ளையாகுமா? (காத்தான்குடி)

வேண்டவே வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல், முதலாம் உலகப் போரில், ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானது, மேலே போகாமல் நிலத்தோடு கிடக்கும். அதாவது நாம் குந்தியிருந்து தேய்க்கிற உயரத்தில்.

2011 தை வெள்ளம் வடிந்த கிழமை அக்காவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கிணறு இறைத்து மருந்து போட்ட பிறகு ஒரு பால்மா டின்னில் பவுடர் மிச்சம் இருந்தது. அக்கா அதைத் தூவிக் கக்கூஸைத் தேய்த்திருக்கிறா. கறை போகவில்லை என்று, கழுவாமலே அதன்மேல் கடையில் வாங்கின ஆசிட்டை ஊற்றிவிட்டா. யன்னல் இல்லாத அறை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாசற்படியில் இருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறா, கண் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரிச் சிவந்திருந்தது. வெளியே ஓடி வரத் தெரிந்ததால் தப்பினா. இரண்டு நாள் குரல் இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு நம் பகுதியில் அநேகமாக எல்லா வீட்டிலும் இந்தப் பவுடர் இருக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பவுடரோ ஹார்பிக்கோ, ஒரு நாளைக்கு ஒன்றுதான். கடையில் விற்கிற திரவ பிளீச்சுக்கும் இதே கதைதான்.

ஹாட்வெயாரில் சும்மா ஆசிட் மலிவு. அது காணாதா சேர்? (கல்முனை)

டீச்சர், தம்பி. காணும், ஆனால் மிதமிஞ்சிக் காணும். அதில் அமிலம் 30 சதவீதமளவில் இருக்கும், திறந்தவுடனேயே புகைக்கும். தண்ணீர் மாதிரி ஓடுவதால் கறையில் நிற்காமல் குழிக்குள் போய்விடும். டைல்ஸ் இடுக்குச் சீமெந்தையும் பைப் மூடிகளையும் தின்னும்.

சிவப்புச் சீமெந்துத் தரைக்கு ஹார்பிக் போடலாமா? (அக்கரைப்பற்று)

கூடாது. சீமெந்திலும் சுண்ணாம்புதான் இருக்கிறது. மினுக்கம் போய்த் தரை சொரசொரத்துவிடும். மாபிளுக்கும் அதே. சுவர் டைல்ஸுக்கும் குழாய்க்கும் சிவப்புப் போத்தல் தனியாக இருக்கிறது.

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடித்திருப்பதும் இதுதானா? (ஆரையம்பதி)

அதே சுண்ணாம்புதான். ஆனால் சமையல் சாமானுக்குத் தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி. தண்ணீரோடு கொதிக்க வைத்து அரை மணி நேரம் விட்டால் தானாகக் கழன்று வரும்.

குழியில் உள்ள நல்ல கிருமிகள் செத்துவிடாதா? (காரைதீவு)

கிழமைக்கு ஒரு தடவை, கோப்பையைச் சுற்றிவர ஒரு தரம் விடுகிற அளவுக்குப் பயமில்லை. தண்ணீரோடு போய் வலு குறைந்துவிடும். முழுப் போத்தலைக் கவிழ்த்தால்தான் வில்லங்கம். மலத்தை உக்க வைக்கிற கிருமிகள் குறைந்தால் குழி சீக்கிரம் நிரம்பும்.

கையுறை கட்டாயமா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. (ஏறாவூர்)

கையுறை போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். கண்ணில் தெறித்தால் கசக்காமல் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போது இன்னொரு தரம் சுடும். போத்தலையும் கையோடு கொண்டுபோனால் டொக்டருக்கு உதவும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அதை எடுத்து அப்புறப்படுத்துங்கள். நீல நிறத்தைப் பிள்ளை சர்பத் என்றுதான் நினைக்கும்.