வெயிலில் காய்ந்த சோளம் பொரியாது

கேள்வி: அக்கா, எட்டு வயது மகனுக்கும் மூன்று வயது மகளுக்கும் தியேட்டர் பாப்கார்ன் என்றால் உயிர். அந்த வெண்ணெயும் உப்பும் பயமாக இருக்கிறது என்று வீட்டில் செய்தேன். பாதி பொரியவே இல்லை. பொரிந்ததும் சவசவ என்றாகிவிட்டது, தூவிய இட்லிப் பொடி அடியில் தங்கிவிட்டது. கேரமலும் கேட்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கச்சி, ஒரு சித்திரை மாதம், பருப்போடு பாப்கார்ன் சோளத்தையும் மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். வண்டு வராமல் இருக்கட்டுமே என்று! அப்புறம் அடுப்பில் போட்டால், கால் கிலோவில் ஒரு கைப்பிடிகூட மலரவில்லை.

முத்துக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். 180 டிகிரி வாக்கில் அது ஆவியாகி முட்டித்தான் தோல் வெடிக்கிறது. உங்கள் சோளமும் காய்ந்திருக்கும். பாட்டிலில் போட்டு, ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, இறுக மூடி, அவ்வப்போது குலுக்கி மூன்று நாள் வையுங்கள். அப்படியும் மலராவிட்டால் கடைக்காரர் கொடுத்தது கோழித் தீவன மக்காச்சோளமாக இருக்கும். பாப்கார்ன் சோளம் என்று கேட்டு வாங்குங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றி, மூன்றே மூன்று முத்து போடுங்கள். மூன்றும் வெடித்தால் மீதி கால் கப்பையும் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி முப்பது எண்ணுங்கள். எல்லா முத்தும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். திரும்ப அடுப்பேற்றி, மூடியைத் துளி விலக்கியே வையுங்கள். நீங்கள் அழுத்தி மூடியிருப்பீர்கள், ஆவி உள்ளேயே சுற்றியிருக்கும், அதுதான் சவசவ. உள்ளே ஈரம் வேண்டும், வெளியே ஆகாது. இதே காரணத்துக்காக எலுமிச்சைச் சாறும் பிழியாதீர்கள். புளிப்பு வேண்டுமானால் மாங்காய்ப் பொடி. படபடப்பு அடங்கி, ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வந்ததும் அணைத்துவிடுங்கள்.

இட்லிப் பொடி கொரகொரப்பாக இருப்பதால் ஒட்டாது. நான் செய்வது கறிவேப்பிலைப் பொடி. இரண்டு கைப்பிடி இலையை நிழலில் உலர்த்தி, வெறும் வாணலியில் கையால் நொறுக்கினால் பொடியும்வரை வறுத்து, ஒரு டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம், பெருங்காயம், உப்போடு மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலியுங்கள். கல் உப்பானாலும் மாவாகிவிடும், கொஞ்சம் போட்டாலே நாக்கில் படும். சூடான பொரியில் ஒரு டீஸ்பூன் உருக்கிய நெய்யைச் சுற்றி ஊற்றி, குலுக்கி, உடனே பொடியைத் தூவுங்கள். எண்ணெயிலேயே மிளகாய்த் தூளைப் போடாதீர்கள். கருகி, வீடே இருமும்.

கேரமலா? 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சிலே அதை மிட்டாய்க் கணக்கில் சேர்த்து, அப்போது 18 சதவீத வரி என்று சொன்னது. என் சமையலறையிலும் அது மிட்டாய்தான். தீபாவளிக்குச் செய்யலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. மூன்று வயதுக் குழந்தைக்குப் பாப்கார்ன் வேண்டாம், தொண்டையில் சிக்கும். நான்கு வயது தாண்டட்டும். அதுவரை அவளுக்கு அரிசிப் பொரியை நெய்யில் புரட்டி, இதே பொடியைத் துளி தூவி, உட்காரவைத்துக் கொடுங்கள். அண்ணன் கிண்ணத்தைப் பார்த்து அழுவாள். அதே மாதிரி கிண்ணம் இன்னொன்று வாங்கிவிடுங்கள்.