படகு இருக்க லொறி எதற்கு?

ஐயா, இரண்டாம் உலகப்போரில் நீரிலும் நிலத்திலும் ஓடிய வண்டிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தண்ணீரில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் என்றால், அப்பாவின் எஞ்சின் தோணியே அதைவிட வேகமாக ஓடும். படகில் கொண்டுவந்து கரையில் லொறிக்கு மாற்றினால் போதாதா?
– வாசகர், பெரியகல்லாறு

அன்புள்ள தம்பி,

வேகத்தை விடுங்கள். அப்பாவின் தோணி வந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீன் பெட்டியைச் சுமந்து, மணலில் கால் புதையப் புதைய றோட்டில் நிற்கும் லொறிவரை போக எத்தனை பேர், எவ்வளவு நேரம்? அதையே குண்டு விழும் கரையில் ஆயிரக்கணக்கான தொன் சாமானுக்குச் செய்ய வேண்டியிருந்தது. 1942இல் அமெரிக்கர்கள் இரண்டரைத் தொன் லொறிக்குப் படகு உடம்பும் பின்னால் விசிறியும் பூட்டிச் செய்த 'டக்', கப்பலடியில் ஏற்றியதைக் களஞ்சியத்தில்தான் இறக்கியது. மணல் வந்ததும் சாரதி இருந்த இடத்திலிருந்தே டயர்க் காற்றைக் குறைப்பார், றோட்டில் ஏறியதும் திரும்ப அடிப்பார். கல்லடிக் கடற்கரையில் புதைந்த உழவு மெசினைத் தள்ளியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏறத்தாழ 21,000 வண்டிகள் செய்தார்கள்.

படகு மட்டும் போதும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதை 1943 நவம்பரில் பசிபிக்கின் தராவாத் தீவில் அமெரிக்கர்கள் தரையிறங்கியபோது பார்த்தார்கள். கடல் வற்றியிருந்தது, படகுகள் பவளப்பாரில் தட்டி நின்றுவிட்டன, வீரர்கள் அரைக் கிலோமீட்டர் அளவுக்குத் தண்ணீரில் நடக்க வேண்டியதாயிற்று, பலர் நடக்கும்போதே சுடுபட்டுச் செத்தார்கள். பாரைத் தாண்டியவை சங்கிலிப் பட்டையில் ஓடிய வண்டிகள். அந்தப் பட்டையே தண்ணீரில் துடுப்பாகவும் வலித்தது. எங்கே எவ்வளவு ஆழம், எப்போது வற்றும் என்று உங்கள் அப்பாவைப் போல ஒருவர் சொல்லும் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத திட்டம் அது. எச்சரித்தவர்கள் இருந்தார்கள், தம்பி.

அந்தச் சங்கிலி வண்டி போருக்காகப் பிறந்ததும் அல்ல. புளோரிடாவில் டொனால்ட் றோப்ளிங் என்பவர் 1930களில், புயலடித்தால் சதுப்பில் சிக்கும் சனங்களை மீட்பதற்கென்று அதைச் செய்தார். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் வெள்ளம் மேவிய றோட்டால் பிள்ளைகளை ஏற்றிப்போன மெசின் அடித்துச் செல்லப்பட்ட செய்தியைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதரின் நினைவுதான் வந்தது. ஓடுகிற வெள்ளத்தில் எந்த வண்டிக்கும் ஆபத்து உண்டு, சரி. ஆனாலும் மாரிக்கு மாரி உழவு மெசினின் பெட்டியில்தானே நாங்கள் இன்னும் பிள்ளைகளை ஏற்றுகிறோம்.