வளர்ப்புப் பல்லி பத்து நாளாகச் சாப்பிடவில்லை, என்ன செய்வது?

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வாங்கி வந்து பத்து நாளாகிறது, புழுவைக் கிட்டே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நானும் பட்டிருக்கிறேன். முதலில் வாலைப் பாருங்கள். அது கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில்தான். வால் கொழுகொழுவென்று இருந்தால், வளர்ந்த பல்லி இரண்டு வாரம் சாப்பிடாமல் கிடந்தாலும் தாங்கும். குட்டியை அவ்வளவு நாள் விட்டுவைக்கக் கூடாது.

என்னுடையது சாப்பிடாமல் கிடந்தபோது மீல்வார்ம் புழுவை விட்டுச் சுவர்க்கோழிப் பூச்சி, அதை விட்டு வேறொன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். கோளாறு இரையில் இல்லை, சூட்டில் இருந்தது. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் 31 டிகிரி செல்சியஸ் காட்டியது. சென்சார் ஒயர் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை அது படுக்கும் தரையிலேயே வைத்துப் பார்த்தால் வெறும் 26! உடம்பில் சூடு ஏறாவிட்டால் தின்றது செரிக்காது, பசியும் எடுக்காது. ஒரு பக்கம் தரைச் சூடு 31 முதல் 33 வரை, மறுபக்கம் 24 முதல் 26 வரை இருக்கட்டும். தரையைச் சூடாக்கும் விரிப்பான ஹீட் மேட்டை, சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு குகை வேண்டும்.

சூட்டைச் சரிசெய்த நான்காம் நாள், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இடுக்கி நுனியில் புழு நெளிந்தது. தலையைத் தாழ்த்தி, வால் நுனியை மட்டும் மெல்ல ஆட்டியபடி பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரே கவ்வு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்களுடையது புதிதாக வந்தது என்பதால் இடம் பழகவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை கையில் எடுக்காதீர்கள். அந்தி சாய்ந்த பிறகு இரை வையுங்கள். பூச்சி அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தின்னாத சுவர்க்கோழியைத் தொட்டியிலேயே விட்டுவிடாதீர்கள், ராத்திரியில் பல்லியையே கடிக்கும். தோல் வெளுத்து மங்கலாக இருந்தால் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் பல பல்லிகள் இரையைத் தொடாது, உரித்த தோலைத்தான் தின்னும்.

வாயைப் பிளந்து ஊட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், தாடை போய்விடும். புழுவை நசுக்கி, அந்தச் சாற்றை மூக்கு நுனியில் தொட்டு வைத்தால் தானாக நக்கும்.

இன்றே டிஜிட்டல் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள், பிறகு வாரம் ஒருமுறை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் சூம்பினாலோ, கழிச்சல் இருந்தாலோ, நடக்கும்போது கால் நடுங்கினாலோ காத்திருக்காமல் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். போகும்போது புதிதாகப் போட்ட எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். குடலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.