நீலகிரி ஏற ரோடு பைக்: பின் சக்கரப் பல்லை எண்ணி வாங்குங்கள்

மலைப்பாதையில் ஓட்டுவதற்கு சைக்கிள் வாங்குவது, வாங்கியதில் கோளாறு வந்தால் கேட்பது, அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 60,000 ரூபாய்க்குள் ரோடு பைக் வாங்கப் போகிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று லேசானது, பின் கேசட் (பின் சக்கரப் பல்சக்கர அடுக்கு) 11-28, அதாவது சின்னதில் 11 பல், பெரியதில் 28. இன்னொன்று ஒரு கிலோ கூடுதல், கேசட் 11-34. இரண்டிலும் முன்னால், பெடல் பக்கம், 50 பல்லும் 34 பல்லும் உள்ள இரண்டு பல்சக்கரம். கடைக்காரர் லேசானதைத்தான் எடுக்கச் சொல்கிறார். முதலில் கோத்தகிரி, பழகிய பிறகு கல்லட்டி ஏற ஆசை. எதை எடுக்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: கனமானதை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

ஒரு கிலோ எவ்வளவு உதவும் என்று முதலில் பார்ப்போம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு கிலோ என்பது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சமாவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஆறு பல்லை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இப்போது பல்லுக்கு வருவோம். பின்னால் பல் கூடக் கூட மிதி லேசாகும். புதிதாக மலை ஏறுபவருக்கு 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் போவதே பெரிய விஷயம். முன்னால் 34, பின்னால் 28 போட்டு அந்த வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 39 சுற்றுதான் மிதிப்பீர்கள். பின்னால் 34 இருந்தால் 48 சுற்று வரும். தாளில் பார்த்தால் ஒன்பது சுற்றுதான் வித்தியாசம். மலையில் அது முழங்காலில் தெரியும். 40க்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியும் படி ஏறுவதுபோல் ஆகிவிடும். அரை மணி நேரத்தில் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவீர்கள். குன்னூர் மலை ரயிலுக்கே கல்லாறிலிருந்து பல்தண்டவாளம் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு பாதையும் ஒன்றல்ல. மேட்டுப்பாளையம்–கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். ஏற்றம் நீளமாக இருந்தாலும் சராசரி 5 சதவீதத்துக்குள்தான். 28 பல்லோடும் பலர் ஏறிவிடுகிறார்கள். கல்லட்டி வேறு. மசினகுடியிலிருந்து ஊட்டிப் பக்கம் ஏறும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 10 சதவீதத்தைத் தாண்டும் இடங்கள் அடிக்கடி வரும், நடுவில் மூச்சு வாங்கச் சமதளம் குறைவு. அங்கே 34 பல் இருந்தே ஆக வேண்டும். மசினகுடிக்கு தெப்பக்காடு வழியாகப் போவதாக இருந்தால் முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் போக வேண்டிவரும். சைக்கிளை விடுவார்களா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதே கல்லட்டியில் சைக்கிளில் இறங்க மட்டும் முயலாதீர்கள். வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அதில் இறங்குவதற்கே தடை போட்டிருக்கிறார்கள். அத்தனை விபத்து நடந்த பாதை.

கோத்தகிரிக்கும் ஒரு எச்சரிக்கை. கோடை சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள்: ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி. நீங்கள் மூச்சிரைக்க ஏறும்போது ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகள் மொத்தமும் எதிரே வரும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் வேண்டாம். அப்போது சேலம்–ஏற்காடு போய்ப் பழகலாம். 20 வளைவு, காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் மேலே போய்விடலாம்.

கடையில் ஒன்று செய்யுங்கள். பின் சக்கரத்தில் ஸ்போக்கை ஒட்டி இருக்கும் பெரிய பல்சக்கரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே எண் பொறித்திருக்கும். இல்லாவிட்டால் உட்கார்ந்து எண்ணுங்கள். விளம்பரத் தாளில் ஒன்று, சைக்கிளில் ஒன்று இருப்பது உண்டு. "28தானே சார், அப்புறம் 34 மாற்றிக்கலாம்" என்று சொன்னால், செயினுக்கு அடியில் தொங்கும் கியர் மாற்றும் கையையும் கவனியுங்கள். அது குட்டையாக இருந்தால் 34 பல்லைத் தாங்காது. ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ், சோரா என்ற இரண்டு கியர் வகைகளிலும் நீளக் கை உள்ள மாடல்தான் 34 வரை எடுக்கும். ஆக கேசட், செயின், கை என்று மூன்றும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ரோடு பைக் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ரிம் பிரேக், கார்பன் சக்கரம். ஊட்டி, கொடைக்கானல் இறக்கத்துக்கு ஒத்துவருமா? (மதுரை வாசகர்)

பதில்: அந்தச் சக்கரத்தோடு ஒத்துவராது. ரிம் பிரேக்கில், நீங்கள் இறங்கும் வேகம் முழுவதும் ரிம்மின் பக்கச் சுவரில்தான் சூடாகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் தொடர்ந்து இறங்கும்போது, பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அலுமினிய ரிம்மே கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய் டியூப் வெடிக்கலாம். கார்பன் ரிம்மில் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பிசினே இளகி, ரிம் உப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. சமவெளிக்கு அருமையான சக்கரம். மலை இறக்கத்துக்கு அல்ல.

பிரேம் நன்றாக இருந்தால், சக்கரம் இல்லாமல் விலை பேசி, அலுமினிய ரிம் போட்டு ஓட்டலாம். பிரேமும் கார்பன் என்றால் ஹேண்டில் தண்டுக்குக் கீழே, பெடல் அச்சைச் சுற்றி, பின் சக்கரம் மாட்டும் இடம் ஆகிய மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் துடைத்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். பழைய அலுமினிய ரிம்மாக இருந்தால் பிரேக் கட்டை உரசும் இடத்தில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். குழி விழுந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது.

புதிதாக வாங்குபவர்களுக்கு என் வாக்கு டிஸ்க் பிரேக்குக்குத்தான், கேபிள் வகையாக இருந்தாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மதியப் பனிமூட்டத்திலும் ரிம் ஈரமாகிவிட்டால் முதல் சில சுற்றுகளுக்குப் பிரேக் பிடிக்காது. வளைவில் அது பெரிய தூரம். டயர் 28 மில்லிமீட்டராவது இருக்கட்டும். எந்தப் பிரேக்காக இருந்தாலும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்கினால்தான் ரிம்மும் டிஸ்க்கும் ஆற நேரம் கிடைக்கும்.

கேள்வி: புது சைக்கிள். முதல் தடவை ஏற்காடு ஏறும்போது, கடைசி கியர் (ஸ்போக்கை ஒட்டிய பெரிய பல்) போட்டதும் கியர் கை ஸ்போக்குக்குள் போய் முறுக்கிக்கொண்டது. இரண்டு ஸ்போக் அறுந்தது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் போட்டிருக்கிறது, நீங்கள்தான் எங்கேயோ கீழே போட்டிருப்பீர்கள் என்கிறார் கடைக்காரர். விட்டுவிட வேண்டியதுதானா? (சேலம் வாசகர்)

பதில்: விடாதீர்கள். கியர் கை ஸ்போக் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நிறுத்த ஒரு சின்னத் திருகு இருக்கிறது. சைக்கிளைப் பாகம் சேர்த்துக் கொடுக்கும்போது அதைச் சரிபார்ப்பது கடையின் வேலை. பெட்டியிலிருந்து எடுத்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் இந்தக் குறை தெரியாது. கடைசி கியருக்குத் தேவையே வந்திருக்காது. மலையில்தான் வெளிப்படும். ஆனால் சைக்கிள் கீழே விழுந்து கியர் கை வளைந்தாலும் இதே விளைவு வரும் என்பதால்தான் கடைக்காரர் அப்படிச் சொல்கிறார். விழுந்த சைக்கிளில் பொதுவாக ஹேண்டில் முனை, பெடல் ஓரம், கியர் கையின் வெளிப்புறம் ஆகியவற்றில் சிராய்ப்பு இருக்கும். உங்களுடையதில் இல்லை என்றால் அதுவே உங்கள் சாட்சி. வேறு எங்கும் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

பில்லில் அச்சடித்த அந்த வரிக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டம் வைத்திருக்கிறது. அதனால் இன்றே கடைக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பதிவுத் தபாலிலும் ஒன்று போகட்டும். சைக்கிள் கம்பெனிக்கும் ஒரு நகல். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: சைக்கிளை ரயிலில் ஏற்றி மேட்டுப்பாளையம் கொண்டுபோவது பாதுகாப்பானதா? மலையில் வேறு என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்? (சென்னை வாசகர்)

பதில்: நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்திலேயே போய் நிற்பதால் அதுதான் வசதி. லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்தில் இருங்கள். அங்கே பலரும் கவனிக்காத ஒன்று: மதிப்பைக் குறிப்பிட்டு அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாமல் விட்டால், தொலைந்தாலோ உடைந்தாலோ ரயில்வே தரும் இழப்பீடு கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான். பத்து கிலோ சைக்கிளுக்கு ஆயிரம் ரூபாய். எனவே பில்லின் நகலோடு போய், மதிப்பை எழுதச் சொல்லிக் கட்டணம் கட்டி, ரசீதில் அது ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பெடலைக் கழற்றி, கியர் கைக்கு மேல் அட்டை சுற்றிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலை மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சைக்கிளில் இரண்டு பாட்டில் மாட்டும் கூடு இருக்கட்டும். வழியில் தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம். உங்களுக்குத் துணையாகக் கார் வருகிறது என்றால், நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் வந்த இ-பாஸை அந்தக் காருக்குக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.