வாசகர் கேள்வி – பதில்: கழுத்தில் இரவல் பதக்கம்

கேள்வி: டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து என் பத்து வயது மகன் ரேஸ் சைக்கிள் வேண்டும் என்று நச்சரிக்கிறான். விளையாட்டு வீரரைப் பார்த்து வரும் ஆசை நிலைக்குமா, நான்கு நாளில் வடிந்துவிடுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் நடக்கும். நிலைத்த ஆசைக்குப் பிரிட்டனில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், இரண்டு வீரர்கள் ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்பி ஒருவரையொருவர் துரத்தும் 4,000 மீட்டர் சைக்கிள் போட்டியில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்றார். இறுதிப் போட்டியில் ஜெர்மானிய எதிராளியை அவர் எட்டியே பிடித்துவிட்டார். பிரிட்டனுக்கு 72 ஆண்டுகளுக்குப் பிறகு சைக்கிளில் கிடைத்த ஒலிம்பிக் தங்கம் அது. அதை லண்டனில் தொலைக்காட்சியில் பார்த்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் பிராட்லி விக்கின்ஸ், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் அதே போட்டியில் தங்கம் வென்றார். 2012இல் டூர் டி பிரான்ஸை வென்ற முதல் பிரிட்டானியராகவும் ஆனார்.

இதைக் கேட்டதும், ஒரு தங்கப் பதக்கம் இன்னொரு தங்கப் பதக்கத்தைப் பெற்றெடுத்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் தொலைக்காட்சியை அணைத்த பிறகு அந்தச் சிறுவன் எங்கே போனான் என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி. தெற்கு லண்டனில் ஹெர்ன் ஹில் என்ற இடத்தில், 1891இல் அமைக்கப்பட்டு 1948 ஒலிம்பிக்கின் சைக்கிள் போட்டிகளும் நடந்த பழைய திறந்தவெளி ஓடுதளம் ஒன்று இருக்கிறது. விக்கின்ஸ் பந்தயம் பழகத் தொடங்கியது அங்கேதான். அவருடைய தந்தையும் சைக்கிள் பந்தய வீரரே. குடும்பத்தைவிட்டுப் பிரிந்து போய்விட்டாலும், அந்த விளையாட்டு வீட்டுக்குத் தெரியாத ஒன்றல்ல. போய் ஓட்டிப்பார்க்க ஓர் இடம் எட்டும் தூரத்தில் இல்லாதிருந்தால், போர்ட்மேனின் வெற்றி அந்தச் சிறுவனுக்கு ஒரு நல்ல நினைவாக மட்டுமே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

இதே சங்கிலியின் அடுத்த கண்ணி லாரா ட்ராட், இன்றைய லாரா கென்னி. ஏதென்ஸ் வெற்றிக்குப் பிறகு விக்கின்ஸைச் சந்தித்த சிறுமி லாரா, அவருடைய தங்கப் பதக்கத்தைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கும் படம் மிகவும் பிரபலம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அதே விக்கின்ஸ் ஒரு தங்கமும் லாரா இரண்டு தங்கமும் வென்றார்கள். லாராவின் ஒலிம்பிக் தங்கங்கள் பிறகு ஐந்தாக உயர்ந்தன. எனினும் லாராவைச் சைக்கிளில் ஏற்றியது விக்கின்ஸ் அல்லர். உடல் எடையைக் குறைப்பதற்காக அவருடைய தாயார் சைக்கிள் ஓட்டத் தொடங்க, பின்னாலேயே மகள்களும் வந்தார்கள். (நம் வீடுகளில் எடை குறைக்கும் முடிவுகள் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போவதில்லை!) வீட்டில் ஏற்கெனவே பெடல் சுழன்றுகொண்டிருந்தபோது வந்த பதக்கம் அது, அதனால்தான் பிடித்துக்கொண்டது.

ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்ற பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய்க்கோ தொடக்கத்தில் வீரர் யாருமே தேவைப்படவில்லை. வேற்றுக்கிரக உயிரைப் பற்றிய ஹாலிவுட் படத்தில் பையன்கள் பிஎம்எக்ஸ் என்ற சிறிய சக்கரச் சைக்கிள்களில் பறக்கும் துரத்தல் காட்சியைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே முன்மாதிரி யார் என்பதைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

போர்ட்மேன் பிற்காலத்தில் என்ன செய்தார் என்பதையும் சொல்லவேண்டும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றபின், சாதாரண மக்களும் குழந்தைகளும் அச்சமின்றிச் சைக்கிள் ஓட்டத் தனிப் பாதைகள் வேண்டும் என்று வாதாடுபவராக அவர் மாறினார். 2016இல் அவருடைய தாயார் சைக்கிளில் சென்றபோது வாகனம் மோதி இறந்தார். மறு ஆண்டு கிரேட்டர் மான்செஸ்டர் பகுதியின் சைக்கிள், நடைபயணத் திட்டங்களுக்கு அவர் பொறுப்பேற்றார். தன் பதக்கத்தைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைக்கு வீட்டு வாசலைத் தாண்டியதும் பாதை வேண்டும் என்பதை அவரைவிட உறுதியாகச் சொல்லத் தகுந்தவர் இல்லை.

கேள்வி: அப்படியானால் இப்போதே ரேஸ் சைக்கிள் வாங்கித் தரலாமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பாரும் மெல்லிய டயரும் பத்து வயதில் அவசியமில்லை. "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிய சைக்கிளாக வாங்குவது நம்மிடையே உள்ள பழக்கம், அதையும் தவிர்த்துவிடுங்கள். சீட்டுக்கு முன்னால் இறங்கி நின்றால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய, நடுக் கம்பிக்கும் உடலுக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கவேண்டும். பிரேக் பிடி அவன் விரல்களுக்கு எட்டவேண்டும். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் உட்காரவேண்டும், பின்னந்தலைக்குச் சரியக்கூடாது. போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில், வாரத்தில் இரண்டு நாளாவது நீங்களும் இன்னொரு சைக்கிளில் கூடவே செல்லுங்கள். ஆறு மாதம் கழிந்தும் அவனே உங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால், ரேஸ் சைக்கிளைப் பற்றி அப்போது எழுதுங்கள்.