கறுத்த கைக்கு நியான் எடுபடாதா?

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நிறம் கறுப்பு. சின்ன வயதிலிருந்தே பளிச்சென்ற நிறங்கள் என்றால் எனக்கு உயிர். அண்மையில் நகத்துக்கு நியான் ஒரேஞ்ச் கியூடெக்ஸ் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட வேலை செய்கிற அக்கா ஒருவர், “எங்கட நிறத்துக்கு உதெல்லாம் எடுபடாது தங்கச்சி, வெள்ளைக்காரியளுக்குத்தான் வடிவு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அதனாலேயே மனதில் நின்றுவிட்டது. அடுத்த மாதம் அண்ணாவுக்குக் கலியாணம். கண்ணுக்கு நியான் பிங்க் போட ஆசையாக இருக்கிறது. எனக்கு ஏன் இந்த நிறங்கள் இவ்வளவு பிடிக்கின்றன? இது சின்னப்பிள்ளை ரசனையா? போட்டால் ஏதும் கெடுதல் வருமா?

எஸ்., பாலையூற்று

அன்புள்ள எஸ்.,

அந்த அக்கா சொன்னது சரியில்லை. நியான் நிறங்கள் கறுத்த தோலில்தான் மிக வடிவாக எடுபடும். ஆனாலும் அவர் சும்மா சொல்லியிருக்கமாட்டார், எங்கேயோ கண்ணால் கண்டுதான் சொல்லியிருப்பார். அவர் கண்டது என்னவாக இருக்கும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில், ஏன் பிடிக்கிறது என்ற கேள்வி. சாதாரணச் சாயம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மிச்சத்தை விழுங்கிச் சூடாக்கிவிடும். நியான் சாயம் அப்படி வீணாக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல வெளிச்சத்தையும் வாங்கி, மஞ்சளாகவோ ஒரேஞ்சாகவோ பிங்காகவோ மாற்றி வெளியே விடுகிறது. அதனால் அந்த நிறத்தில் அதன்மேல் விழுந்ததைவிடக் கூடுதலான வெளிச்சம் திரும்பி வருகிறது. பொருள் தானாகவே ஒளிர்கிறது என்று கண் எடுத்துக்கொள்கிறது. அதற்கு வயது வித்தியாசம் கிடையாது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு உணர்வு அதிகம் இருப்பது 555 நானோமீற்றர் அலைநீளத்தில் உள்ள பச்சை கலந்த மஞ்சளில். வீதி வேலை செய்கிறவர்களின் மேலங்கி அந்த நிறத்தில் இருப்பது அதனால்தான். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரேஞ்ச் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதும் நீலக் கடலில் தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காகத்தான். உயிரைக் காப்பாற்றப் பயன்படுகிற நிறம் உங்களுக்கு நகத்தில் பிடித்திருக்கிறது. அதைச் சின்னப்பிள்ளை ரசனை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அதோடு நாம் இருக்கிற இடத்தையும் பாருங்கள். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். இவ்வளவு புற ஊதாக் கதிர் விழுகிற ஊரில் நியான் தன் முழுப் பலத்தையும் காட்டும். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் வளையல் கடைகளைக் கவனித்திருப்பீர்கள். தறப்பாளின் நிழலில் மெரூனும் கடும்பச்சையும் இருண்டு போய்க் கிடக்க, நியான் வளையல் அடுக்கு மட்டும் துலங்கும். வெயில் படாவிட்டாலும் வானத்து வெளிச்சத்தில் நீலமும் புற ஊதாவும் நிறைய உண்டு, அது போதும். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியபிறகு டச் பே கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நடக்கிறவர்களின் சிவப்புச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப்போகும். ஒரு பிள்ளையின் நியான் பச்சைத் தொப்பி கடைசிவரை தெரியும்.

சரி, தோலுக்கு வருவோம். என் தங்கை உவர்மலையில் வீட்டோடு ஒரு அழகுநிலையம் வைத்திருக்கிறாள். அவளிடம் ஒரு பிள்ளை கலியாணத்துக்கு நகம் பூச வந்திருந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நல்ல கறுத்த, நீண்ட விரல்கள். தங்கை முதலில் ஒரு விரலில் நியான் பிங்க்கை நேரடியாகப் பூசினாள். தூரிகை போன வழியெல்லாம் கோடு கோடாக, நகத்தின் சொந்த நிறம் அடியில் தெரிய, சோர்ந்த ஒரு ரோஸ். அடுத்த விரலில் வெள்ளைக் கியூடெக்ஸ் ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் அதே பிங்க் மெல்லிசாக இரண்டு பூச்சு. இரண்டு விரலையும் ஜன்னலோரம் நீட்டினாள். ஒரே போத்தல் என்று யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளைக்கு மேல் பூசிய நகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது, சுற்றியிருந்த கறுப்பு அதை இன்னும் தூக்கிக் காட்டியது.

நியான் பூச்சு பெரும்பாலும் அடியை முழுதாக மூடாது. வெளிச்சம் அதற்குள் புகுந்து கீழே போய்விடும். கீழே இருப்பது வெள்ளை என்றால் வெளிச்சம் திரும்பி வரும், கறுத்த தோல் என்றால் தோலுக்குக் கறுப்பைத் தருகிற மெலனின் அதை விழுங்கிவிடும். உங்கள் அலுவலக அக்கா வெள்ளை அடி இல்லாமல் பூசிய யாரையோ கண்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். பிழை பூசிய விதத்தில் இருக்க, பழியைத் தோலின்மேல் போட்டுவிட்டோம். எத்தனை பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டே சாம்பலும் பழுப்புமாக உடுத்தப் பழகிவிட்டார்கள்! எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. வெளிறிய தோலில் நியான் பிங்க்குக்கும் தோலுக்கும் இடையே தூரம் குறைவு, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோகும். கறுப்பில் அந்தத் தூரம் பெரிது. நிறம் தனித்து நிற்பதற்கு அந்தத் தூரம்தான் வேண்டும்.

இப்போது கெடுதல் பற்றி. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன்.

இந்தச் சாயங்களின் குடும்பம் பழையது. ஜெர்மனிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பையர் 1871இல் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தைச் செய்தார். அதோடு புரோமின் சேர்ந்து 1874இல் ஈயோசின் வந்தது. ஈயோசினின் உறவுச் சாயங்கள்தான் இன்றும் பல பிங்க் லிப்ஸ்டிக்குகளில் இருக்கின்றன. பச்சையாகத் தெரிந்து உதட்டில் பட்டதும் பிங்காக மாறுகிற மேஜிக் லிப்ஸ்டிக் இருக்கிறதல்லவா, அதுவும் இந்தக் குடும்பம்தான். பகலில் ஒளிரும் பூச்சுகளை 1930களில் அமெரிக்காவில் சுவிட்சர் சகோதரர்கள் இருவர் உருவாக்கினார்கள். அவை இரண்டாம் உலகப்போரில் சமிக்ஞைத் துணிகளுக்குப் போய், பிறகு விளம்பரத்துக்கும் உடுப்புக்கும் வந்தன.

உதட்டுக்கு அனுமதித்த சாயம் கண்ணுக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அழகுசாதனங்களில் ஒருசில ஒளிரும் சாயங்களைத்தான் அனுமதித்திருக்கிறது. அவற்றில் ஒன்றுகூடக் கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கு அனுமதிக்கப்பட்டது அல்ல. அதனால்தான் சில நியான் ஐ ஷேடோ பெட்டிகளின் பின்பக்கத்தில் ‘கண் பகுதிக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். திருவிழாக் கடையில் வாங்குகிற பெட்டியில் அந்தப் பொடி எழுத்தும் இராது. கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ஃபுளோரசீனைக் கண்ணுக்குள்ளேயே விடுகிறார்களே என்று யாராவது கேட்கலாம். அது கிருமி நீக்கியது, அளவானது, சற்று நேரத்தில் கண்ணீரோடு போய்விடும். இமையில் மணிக்கணக்கில் வியர்வையோடு கிடக்கிற தூள் வேறு விஷயம்.

ரோடமைன் பி என்ற பெயரையும் நினைவில் வைத்திருங்கள். துணிக்குப் போடுகிற, அழகாக ஒளிர்கிற பிங்க் சாயம். தும்புமுட்டாசில், அதாவது பஞ்சுமிட்டாயில், அது கலந்திருந்ததால்தான் 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் அந்த முட்டாசை விற்கவே தடை வந்தது. அழகுசாதனங்களில் அதைப் போடுவதை அமெரிக்கா 1988இல் நிறுத்திவிட்டது. பெயர், தயாரித்த இடம், உள்ளடக்கம் எதுவும் எழுதாத பிங்க் தூளைத் தயவுசெய்து முகத்தில் வைக்காதீர்கள்.

கலியாணத்துக்கு என்ன செய்யலாம்? நகத்துக்குத் தாராளமாக நியான் பூசுங்கள், நகம்தான் அதற்குச் சரியான இடம். கண்ணுக்கு, கண்ணுக்கென்றே செய்த சாதாரணப் பிங்க் போதும். அடியில் வெள்ளைப் பென்சிலை மெல்லிசாகத் தேய்த்துவிட்டுப் போட்டால் அதுவே நல்லாக எழும்பும். நியான் வேண்டுமென்றால் ஒட்டுப்பொட்டில் வைக்கலாம். ஒட்டிய இடத்தில் அரிப்போ வெளிறலோ கண்டால் உடனே விட்டுவிடுங்கள், சில பசைகள் தோலின் நிறத்தையே எடுத்துவிடும். கியூடெக்ஸ் போத்தலை ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயில் இந்தச் சாயங்களை விரைவில் கொன்றுவிடும். மண்டபத்து விளக்கையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மஞ்சள் குண்டு பல்புகளின் கீழ் நியான் படுத்துவிடும், வெள்ளை எல்இடி என்றால் பயமில்லை. படம் எடுக்கிறவரிடம் உங்கள் கையைக் காட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். கமராவால் இந்த நிறங்களை முழுதாகப் பிடிக்க முடியாது, கூடினால் நகம் வெறும் பிங்க் திட்டாகத்தான் வரும்.