தாத்தா வியாபாரி, பேரன் குற்றவாளியா?

கேள்வி: தாத்தா ஸ்டூடியோ கட்டினார், அப்பா கட்டிக் காத்தார், பேரன் பிளாட் போட்டு விற்றுவிட்டான். சினிமாக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதானே? தாத்தாவுக்கு இருந்த கலை வெறி பேரனுக்கு இல்லாததுதானே காரணம்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தாத்தாவுக்குக் கலை வெறி என்று உங்களுக்கு யார் சொன்னது? ஏவி.எம். ஸ்டூடியோ கட்டிய ஏவி. மெய்யப்ப செட்டியார் கிராமபோன் தட்டு விற்றவர். காரைக்குடியில் அவருடைய அப்பா வைத்திருந்த கடையே ‘ஏவி அண்ட் சன்ஸ்’. தட்டு விற்ற கையோடு படம் எடுக்க இறங்கினார். 1935-இல் ‘அல்லி அர்ஜுனா’ கையைச் சுட்டது. அடுத்து வந்த ‘ரத்னாவளி’யும் சுட்டது. இதே இரண்டு படங்களைப் பேரன் எடுத்திருந்தால், ‘தாத்தா பேரைக் கெடுக்கவே பிறந்தான்’ என்று நீங்களே எழுதியிருப்பீர்கள்.

யுத்த காலத்தில் ஃபிலிம் சுருளுக்கே ரேஷன். அப்போது மனிதர் என்ன செய்தார்? கன்னட ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழில் குரல் கொடுத்து 1944-இல் வெளியிட்டுவிட்டார். இதைக் கலை வெறி என்பீர்களா, கடைக்காரர் மூளை என்பீர்களா? காரைக்குடிக் கொட்டகையில் ‘நாம் இருவர்’ எடுத்து, அது ஓடிய தெம்பில்தான் 1948-இல் வடபழனிக்குக் குடிவந்தார்.

உங்கள் ஊருக்கே வருவோம். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில் படித்தவர். ஸ்டூடியோவையும் ஆலை மாதிரியே நடத்தினார். எழுத்தாளர், கேமராமேன், நடிகர் என்று பலருக்கும் மாதச் சம்பளம், நேரத்துக்கு வரவேண்டும். ‘மந்திரி குமாரி’யும் ‘அலிபாபா’வும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அப்படித்தான் வந்தன. ஆனால் அது முதலாளி வாசலில் நிற்கும் வரைக்கும் ஓடுகிற இயந்திரம். 1963-இல், 56 வயதில் அவர் போய்விட்டார். மகன் ராமசுந்தரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை; ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று எடுத்துத் தள்ளினார். காலம்தான் ஒத்துழைக்கவில்லை. நடிகர்கள் மாதச் சம்பளத்தை விட்டுப் படத்துக்கு இவ்வளவு என்று பேச ஆரம்பித்தார்கள். 1977-இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகு கேமரா வயல்வெளிக்கே போய்விட்டது. ஸ்டூடியோவில் படப்பிடிப்புத் தளம் காலியாகக் கிடந்தாலும் காவலாளிக்குச் சம்பளம் உண்டு, கரண்ட் பில் உண்டு, வரி உண்டு. சோறு போடாத ஏக்கர் கணக்கான நிலத்தைப் பேரன் எதற்காகக் கட்டிக்கொண்டு அழவேண்டும்?

சென்னை விஜயா-வாஹினி ஸ்டூடியோ வளாகத்தில் இன்று ஆஸ்பத்திரியும் மாலும் நிற்கின்றன. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தது பேரன் அல்ல, ஸ்டூடியோ முதலாளி நாகிரெட்டியேதான். (சிறுவர் பத்திரிகை ‘அம்புலிமாமா’வும் அவர் வீட்டுப் பிள்ளைதான். அது நின்றுபோனதற்கு மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. சொந்தத் தொழில் பாசம்.)

தப்பித்த குடும்பம் எது என்று பாருங்கள். எல்.வி. பிரசாத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் முதல் பேசும் படங்களில் தலைகாட்டியவர், பெரிய டைரக்டர். மகன் ரமேஷ் பிரசாத் அப்பா நாற்காலியில் போய் உட்காரவில்லை. லேப் நடத்தினார். ஊரார் படத்தையெல்லாம் கழுவிக் கொடுத்தார். ஓடின படத்துக்கும் கூலி, ஓடாத படத்துக்கும் கூலி. ஃபிலிமே ஒழிந்தபோது பழைய படங்களை டிஜிட்டலில் புதுப்பிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்கள்.

ஏவி.எம். கதையும் நீங்கள் நினைப்பதுபோல முடிந்துவிடவில்லை. 2007-இல் ‘சிவாஜி’ எடுத்தார்கள். 2022-இல் கொள்ளுப்பேத்திகள் ஓ.டி.டி.க்கு சீரியல் தயாரித்தார்கள். அடுத்த வருடம் வடபழனியில் பழைய கேமராக்களையும் கார்களையும் வைத்து மியூசியம் திறந்தார்கள். சென்னை வந்தால் எட்டிப் பாருங்கள். உள்ளே போக டிக்கெட் உண்டு. தட்டு விற்ற தாத்தா இருந்தாலும் வாங்கியிருப்பார்.